கஞ்சாவை நிறுத்தினால் டிப்ரெஷன் போய்விடுமா? பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது?

லிங்கராஜபுரம் டியூஷன்:

வணக்கம். லிங்கராஜபுரம், குக் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற குழு எங்களுடையது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு. (பிளஸ் டூ) வரை. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. பேச்சு, வயசுப் பிள்ளைகளின் மனச்சோர்வும் போதையும் பற்றி.

பெற்றோர் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஒரு கட்சிக்கு எல்லாமே கெட்ட சகவாசம்தான். கஞ்சாவை நிறுத்தினால் பையன் பழையபடி ஆகிவிடுவான் என்கிறார்கள். இன்னொரு கட்சி, மனசு சரியில்லாமல்தான் தொடுகிறான், மனசு தேறினால் தானே விட்டுவிடுவான், கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம் என்கிறது. இதில் எது சரி? பள்ளிக்கூட வாத்தியாரோ அம்மாவோ எதை வைத்துக் கண்டுபிடிப்பது? வீட்டிலேயே நிறுத்தலாமா? பெங்களூரில் எங்கே கூட்டிப் போவது, ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகுமா? இவைதான் வரப்போகும் கேள்விகள். துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். "பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசுங்கள்" வகை அறிவுரை ஏற்கெனவே எங்களிடம் நிறைய இருக்கிறது.

---

ஓசூர் ரோடு சமூகப்பணி:

எது முதலில் என்ற கேள்விக்கு மேடையில் பொதுவாகப் பதில் சொல்லாதீர்கள். இரண்டு வழியும் உண்டு. மனச்சோர்வோ பதற்றமோ முன்னால் வந்து, தூக்கத்துக்காகவும் மறதிக்காகவும் போதையைத் தொடும் பிள்ளைகள் ஒரு பக்கம். தினமும் இழுத்து, தூக்கமும் படிப்பும் கெட்டு, அதனால் சோர்வுக்குள் விழும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். மூன்றாவதும் ஒன்று உண்டு. வீட்டில் குடி, அடி, சின்ன வயதில் நடந்த பாலியல் தொந்தரவு, கண்டுபிடிக்கப்படாத கவனக்குறைவுக் கோளாறு, இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டுக்கும் வேராக இருக்கும். மேலே எந்தச் செடியைப் பிடுங்கினாலும் வேர் அப்படியே இருக்கும்.

ஒரு பிள்ளைக்கு எது முதலில் என்று பார்க்க எளிய முறை இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் நீளமாக ஒரு கோடு. இடது ஓரம் ஆறாம் வகுப்பு, வலது ஓரம் இன்று. கோட்டுக்கு மேலே மனநிலை: எப்போது விளையாட்டை விட்டான், எப்போது தூக்கம் கெட்டது, மார்க் எப்போது விழுந்தது, வீடு மாறியது, யாராவது இறந்தது. கோட்டுக்குக் கீழே போதை: முதல் சிகரெட், முதல் பீர், முதல் கஞ்சா, தினசரி ஆனது எப்போது. அம்மா ஒரு தாள், பையன் ஒரு தாள், தனித்தனியாக. இரண்டும் ஒத்துப்போகாது, அதுவே தகவல்தான். முக்கியமாகப் பார்க்க வேண்டியது இடைவெளிகளை. பாட்டி ஊரில் ஒரு மாதம் எதுவும் கிடைக்காமல் இருந்தானே, அப்போது மனசு எப்படி இருந்தது? தெளிந்திருந்தால் ஒரு முடிவு. அப்போதும் மூலையில் சுருண்டு கிடந்தான் என்றால் வேறு முடிவு. இந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோனால் முதல் சந்திப்பில் பாதி நேரம் மிச்சம்.

அடையாளம் பற்றி. வயசுப் பிள்ளையின் டிப்ரெஷன் அழுகையாக வருவது குறைவு, எரிச்சலாக வருவது அதிகம். பெரியவர்களுக்கு "சோகமான மனநிலை" என்று கேட்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு "எரிச்சல்" இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று நோயறியும் விதியே சொல்கிறது. அந்த எரிச்சல், பிடித்ததில் ஈடுபாடு போவது, தூக்கம், பசி, களைப்பு, கவனம், குற்ற உணர்வு, உடல் மந்தம் அல்லது பரபரப்பு, சாவு எண்ணம். ஒன்பதில் ஐந்து, அதில் முதல் இரண்டில் ஒன்றாவது, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "திமிர் ஏறிப்போச்சு" என்று வீட்டில் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

போதைப் பக்கம் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, நீயே அப்படி ஓட்டியிருக்கிறாயா? மனசு லேசாகவோ கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளவோ எடுக்கிறாயா? தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா? எடுத்தபோது செய்தது மறந்துபோனதுண்டா? குறைத்துக்கொள் என்று வீட்டிலோ நண்பர்களோ சொன்னதுண்டா? அதனால் வம்பில் மாட்டியதுண்டா? இரண்டுக்கு "ஆமாம்" என்றாலே விரிவாகப் பார்க்க வேண்டும். ஆறில் என் கண் போகும் இடம் "தனியாக". நண்பர்களோடு மொட்டை மாடியில் இழுப்பவனைவிட, ராத்திரி ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இழுப்பவனுக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம்.

கேட்கும்போது அப்பா அம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு வாக்குறுதியும் ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது எங்கிட்டயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னு பட்டா மட்டும் வீட்டுல சொல்லுவேன்."

---

மர்ஃபி டவுன்வாசி:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் நடைமுறையில் போதை உடம்பில் இருக்கும்வரை டிப்ரெஷன் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. முதலில் ஒரு மாதம் சுத்தமாக நிறுத்தவைத்து, பிறகுதான் மனசைப் பார்க்க வேண்டும். டீ-அடிக்‌ஷன் சென்டர்கள் அப்படித்தான் செய்கின்றன.

---

இரண்டாவது ஷிப்ட் சைக்கியாட்ரிஸ்ட்:

மர்ஃபி டவுன்காரர் சொன்னதில் பாதி உண்மை. போதையால் வந்த சோர்வு, பொதுவாக நிறுத்தி ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் வடியும். அதற்கு மேலும் நின்றால் தனி நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். அது நோய்க்குப் பெயர் வைக்கும் விதி. வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் விதி இல்லை. பதினாறு வயதுப் பையனிடம் "ஒரு மாதம் நிறுத்திவிட்டு வா, அப்புறம் உன் மனசைப் பார்க்கலாம்" என்றால் அவன் திரும்பி வர மாட்டான். நிறுத்த முடியாததற்கே அந்த மனசுதான் காரணமாக இருக்கலாம். சாவு எண்ணம் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு மாதம் இல்லாமலே போகலாம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே குழு, ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் சரி. பெற்றோரின் இரண்டு கட்சிக்கும் இதுதான் பதில். "போதை முதலில்" கட்சியும் "மனசு முதலில்" கட்சியும் ஒன்றைக் காத்திருக்க வைக்கின்றன.

கூட்டத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது முதல் இரண்டு வாரத்துக்கு. பையன் நிறுத்துகிறான், வீடு அதைத் தப்பாகப் படிக்கிறது, அங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. தினசரிக் கஞ்சாவை நிறுத்தினால் ஒன்று முதல் மூன்று நாளில் விலகல் தொந்தரவு தொடங்கும்: கோபம், பதற்றம், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை. முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கம் மட்டும் ஒரு மாதம் வரை இழுக்கலாம். கனவு வரும் தூக்கத்தைக் கஞ்சா குறைத்து வைத்திருக்கும். நிறுத்தியதும் அது திரும்பப் பொங்கி, பயங்கரக் கனவாக வரும். நாலாம் நாள் ராத்திரி அலறி எழுந்த பிள்ளை, "இதுக்கு அதுவே தேவலை" என்று மறுபடி தொடுவது அதனால்தான். முன்னாலேயே சொல்லிவைத்தால் தாங்குவான். அம்மாவுக்கும் சொல்லுங்கள்: அந்த வாரம் தட்டைத் தள்ளிவிட்டால் சண்டை வேண்டாம், மார்க் பேச்சு வேண்டாம், எழும் நேரத்தை மட்டும் பிடிவாதமாக வைத்திருங்கள்.

ஆனால் எல்லாப் போதையையும் வீட்டில் நிறுத்த முடியாது. தினமும் குடிப்பவன், அல்லது அல்பிராசோலம் போன்ற தூக்க மாத்திரையைத் தினமும் போடுபவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். குடியில் அது பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள். இரண்டு மூன்று நாளில் ஆளும் இடமும் தெரியாத குழப்பம் வந்தால் அது உயிராபத்து. கை நடுக்கம், காய்ச்சல், பிதற்றல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மருந்து. பிள்ளைகளின் டிப்ரெஷனுக்கு அதிகம் ஆராயப்பட்டது ஃப்ளூவாக்ஸெடின். வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்கி 20-க்குப் போவோம், காலையில். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம். அமெரிக்காவில் 439 பிள்ளைகளிடம் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், 12 வார முடிவில் மாத்திரையும், பேச்சு வழியாக மனசைச் சரிசெய்யும் சிகிச்சையும் சேர்ந்து எடுத்தவர்களில் 71 சதவீதம் தேறினார்கள். மாத்திரை மட்டும் 61, பேச்சு சிகிச்சை மட்டும் 43, வெற்று மாத்திரை (மருந்தே இல்லாதது) 35. போதைப் பழக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. அதே 2004-இல் வந்த எச்சரிக்கையும் உண்டு: இந்த வகை மாத்திரை எடுக்கும் பிள்ளைகளில் சுமார் 4 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ தெரிந்தது, வெற்று மாத்திரையில் 2. அதனால் முதல் மாதம் வாராவாரம் பார்ப்போம். திடீரென்று தூக்கமே வேண்டாம், பேச்சு நிற்கவில்லை, கையில் காசு நிற்கவில்லை என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். அது, மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம்.

முதல் தடவையே ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, ஈரல் சோதனை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் சோர்வு வேஷம் போடும், பெண் பிள்ளைகளிடம் குறிப்பாக.

---

பார்மசி கவுண்டர்:

டாக்டர் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம். டிப்ரெஷன் மாத்திரை எடுக்கும் பிள்ளையிடம் டிராமடால் என்ற வலி மாத்திரை இருந்தால் ஆபத்து, டாபென்டடாலும் அப்படியே. வலிப்பு வரலாம், மூளையின் செரடோனின் என்ற ரசாயனம் அளவு மீறியும் போகலாம்: வியர்வை, நடுக்கம், தசை விறைப்பு, காய்ச்சல், குழப்பம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்துக்கும் இதே கதை. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும்போது "பையன் இந்த மாத்திரை சாப்பிடுறான்" என்று சீட்டைக் காட்டுங்கள். சிகரெட்டை விட உதவும் புப்ரோபியான் வலிப்பு எளிதில் வரச் செய்யும். குடிப்பழக்கத்தை மறைத்து அதை வாங்கக் கூடாது.

புகையிலையை யாரும் எழுதவில்லை. கூல் லிப் மாதிரி உதட்டில் அடக்கும் பொட்டலம், வேப், சிகரெட், எதுவாக இருந்தாலும் நிகோடின் பாதி வடிய இரண்டு மணி நேரம்தான். மூன்றாவது பீரியடுக்குள் எரிச்சலும் கவனச் சிதறலும் வந்துவிடும். மறுபடி வைத்ததும் தெளிவு. "இது வைத்தால்தான் மனசு நிக்குது" என்று பிள்ளை நம்புவது, விலகல் தொந்தரவு தணிவதைத்தான்.

வாடகைக்கு வீடு மாறுகிற மாதிரி வீட்டிலுள்ள மருந்தை எல்லாம் ஒருநாள் எடுத்துப் பாருங்கள். பாட்டியின் தூக்க மாத்திரை, அப்பாவின் பிரஷர் மாத்திரை, மீந்த வலி மாத்திரை எல்லாம் பூட்டிய பெட்டிக்குள்; பிள்ளையின் மாத்திரையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள். எலி மருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம், பொறி போதும். சோர்வும் போதையும் சேரும் வயதில் விபரீத முடிவு சில நிமிட ஆவேசத்தில் நடக்கிறது. அந்த நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டாலே உயிர் தங்கும்.

---

லிங்கராஜபுரம் டியூஷன்:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் வாசனையைப் போதைக்காக இழுப்பது பற்றிப் பேச்சு அடிபடுகிறது. இரண்டு, மெடிக்கலில் யூரின் கிட் வாங்கிச் சோதிக்கலாமா என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். மூன்று, "காபியில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் மாத்திரை" ஒன்று ஒரு வீட்டில் ஓடுவதாகத் தெரிகிறது.

---

ஓசூர் ரோடு சமூகப்பணி:

மூன்றாவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். உடம்பில் அது இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று போய் உயிரே போகலாம். கடைசி வேளைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. எடுப்பவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுக்கும் மருந்து அது. கொடுத்தாகிவிட்டது என்றால் பையனிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தெரியாமல் அவன் வெளியே ஒரு பீர் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

யூரின் கிட் கஞ்சாவைக் காட்டும். எப்போதாவது இழுப்பவனுக்கு சில நாள், தினமும் இழுப்பவனுக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை காட்டும். ஆக, உண்மையிலேயே நிறுத்திய பையன் இருபதாம் நாள் "பாசிட்டிவ்" ஆகி அடி வாங்குவான். ஒயிட்னர் வாசனையை அது காட்டவே காட்டாது. திருட்டுத்தனமாகச் சோதித்தால் உறவு போகும், தகவலும் கிடைக்காது. சோதனை வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில், பையனுக்குச் சொல்லி.

வாசனை இழுப்பதை மற்றதைவிடக் கடுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் வெளியான தேசிய போதைக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்ட ஒரே வகை இதுதான்: 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. மலிவு, ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். உள்ளே டொலுயீன் போன்ற கரைப்பான் இருக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் தடவையிலேயே இறப்பு நேரலாம். அந்த நேரத்தில் பிடிபட்ட பிள்ளையைக் கத்தி விரட்டக் கூடாது. பயமும் ஓட்டமும் அந்தத் துடிப்பைக் கெடுப்பவை. மெதுவாகப் போய், துணியையும் புட்டியையும் வாங்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். மயங்கினால் 108. அடையாளம்: மூக்கு, வாயைச் சுற்றிச் செம்புண், கைக்குட்டையிலும் சட்டைக் கையிலும் ரசாயன வாடை, தள்ளாட்டம், தலைவலி.

எங்கே போவது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதை மருத்துவ மையமும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அதுதான் அங்கே போவதன் லாபம். பதிவுக் கவுண்டரில் வயதையும் இரண்டு பிரச்சினையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "போதை" என்று மட்டும் சொன்னால் மனசு விட்டுப்போகும், "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னால் போதை விட்டுப்போகும். ஆதார், பழைய சீட்டுகள், நான் சொன்ன கோட்டுத்தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். முழு நாள் ஆகும் என்று லீவு போட்டுவிட்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டு போவது நல்லது. அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. போனில் பேச டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். போதைக்கு மட்டும் தேசிய எண் 14446. பதினெட்டுக்குக் கீழே பிள்ளைக்கே உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

---

சிவில் கோர்ட் வாசல்:

சட்டப் பக்கம் சுருக்கமாக. வைத்தியத்துக்குப் போனதற்காக ஆஸ்பத்திரி போலீஸைக் கூப்பிடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவின்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், போதைக்கு அடிமையானவர் தானாக அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போய் முடித்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு விற்றவரின் கதை வேறு: சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77, ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும் பயத்தில் பெற்றோர் விற்றவரையும் விட்டுவிடுகிறார்கள்.

தனியார் சென்டர் பற்றி எச்சரிக்கை. ராத்திரி வண்டி அனுப்பி நாலு பேர் பையனைத் தூக்கிப்போய், மூன்று மாதம் போன்கூடத் தராமல் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. முன்பணம் கட்டும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பதினெட்டுக்குக் கீழே உள்ளவரைச் சேர்க்கும் விதி, அந்த 2017 சட்டத்தின் 87-ஆம் பிரிவு: இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும், பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ கூடவே தங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "அப்பா அம்மா வந்து பார்க்கக் கூடாது" என்று எந்தச் சென்டர் சொன்னாலும் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

---

மர்ஃபி டவுன்வாசி:

ஒரு மாதக் கணக்கு விஷயத்தில் டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் எழுந்து, "சாகணும்னு தோணுதான்னு கேட்டா, இல்லாத யோசனையை நாமே கொடுத்த மாதிரி ஆயிடாதா" என்பார். அதற்கு?

---

இரண்டாவது ஷிப்ட் சைக்கியாட்ரிஸ்ட்:

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்ட பிறகு பிள்ளைகள் பெருமூச்சு விட்டு, மனசு லேசாவதுதான் வழக்கம். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா? இன்னிக்கு ராத்திரி தனியா இருந்தா பயமா இருக்கா?" இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" வந்தால் அன்றே அவசரப் பிரிவு, அதுவரை ஒரு ஆள் பக்கத்திலேயே, பாத்ரூம் கதவு தாழ்ப்பாள் போடாமல். அன்று குடித்தோ இழுத்தோ இருக்கிறான் என்றால் "தெளியட்டும், காலையில் பார்ப்போம்" என்று விடாதீர்கள். போதையில் இருக்கும் நேரத்தில்தான் அந்த எண்ணம் செயலாக மாறும் வாய்ப்பு அதிகம்.